வெளியூர்த் தொப்பி

மாநாட்டில் கொடுத்த தொப்பி அவருக்குப் பெரிதாக இருந்தது. புருவம் வரை இறங்கியது.

சும்மா கிடைத்ததில் அளவு பார்க்கக்கூடாது என்று அதை மாட்டிக்கொண்டு, சுற்றுலாப் பேருந்தில் ஜன்னலோரமாக உட்கார்ந்தார்.

தொப்பியில் ‘ஓய்வுக்குப் பின் உலகம்’ என்று அச்சடித்திருந்தது. பயண நிறுவனங்கள் கூடி நடத்தும் மாநாடு. பணி ஓய்வு பெற்றவர்களுக்கு அறை இலவசம், சாப்பாடு இலவசம், ஊரைச் சுற்றிக் காட்டுவதும் இலவசம். பதிலுக்குப் பனிமலைகளையும் தீவுகளையும் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். உட்கார்ந்து கேட்க வேண்டும்.

அவர் உட்கார்ந்தார். கேட்டார் என்று சொல்ல முடியாது. முதல் பனிமலையிலேயே தூங்கிப்போனார். எல்லோரும் கைதட்டியபோது விழித்து, தானும் தட்டிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தூக்கத்தைத் தொடர்ந்தார்.

அதற்குத்தான் வந்திருந்தார்.

முன்பதிவு அலுவலகத்தில் ஜன்னல் கம்பிக்குப் பின்னால் உட்கார்ந்து, ஊரில் உள்ளவர்களையெல்லாம் எங்கெங்கோ அனுப்பிவைத்தவர். ஓய்வு பெற்ற மறுநாளே வீட்டில் அவரைப் பணியில் சேர்த்துக்கொண்டார்கள். நியமன உத்தரவு எதுவும் இல்லை. “அப்பா, சும்மாதானே இருக்கீங்க” என்ற ஒரு வரிதான்.

பேரப்பிள்ளைகளைப் பள்ளி வேனில் ஏற்ற வேண்டும், இறக்க வேண்டும். கேஸ் சிலிண்டருக்குக் காத்திருக்க வேண்டும். மாப்பிள்ளைக்கு வரும் பார்சல்களை வாங்கி, அவருக்குப் பிடிக்காததைத் திருப்பி அனுப்ப வேண்டும். மகள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். ஆகவே அவள் வீட்டில் இல்லை என்றே வைத்துக்கொள்ள வேண்டும்.

முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருந்தது.

மாநாட்டு அழைப்பு வந்ததும், “வெளியூர் போகணும். மூணு நாள். கட்டாயம் வரணும்னு சொல்லிட்டாங்க” என்று அறிவித்துவிட்டுப் பெட்டியோடு கிளம்பினார். மூன்று நாள் யாரும் தன்னைக் கூப்பிடக்கூடாது. உலகத்திடம் அவர் கேட்டது அவ்வளவுதான்.

இது இரண்டாவது நாள். இதுவரை யாரும் கூப்பிடவில்லை.

பக்கத்து இருக்கையில் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர். “சாருக்கு எந்த ஊரு?” என்றார்.

“பக்கந்தான்.”

வழிகாட்டிப் பெண் மைக்கில் மணிக்கூண்டைக் காட்டினாள். வாத்தியார் படம் எடுத்தார். இவர் எடுக்கவில்லை. ஏரியைக் காட்டினாள். இவர் கொட்டாவி விட்டார்.

பெரிய சாலையைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். ஓட்டுநர் கொஞ்சம் யோசித்துவிட்டு, வண்டியைக் குறுக்குத் தெருவில் விட்டார்.

அவருக்குத் தூக்கம் போய்விட்டது.

தையல் கடை. எப்போதும் பூட்டியே இருக்கும் பல் மருத்துவமனை. சாய்ந்த விளக்குக் கம்பம். அதற்கு அடுத்து வருவது பச்சை கேட் போட்ட வீடு என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவார்.

கண்ணை மூடிக்கொண்டார்.

அந்த கேட்டுக்குப் பச்சைப் பெயின்ட் அடித்தவரே அவர்தான், சும்மா இருந்த ஒரு நாளில்.

எதிரே பள்ளி வேன் நின்றிருந்ததால் பேருந்தும் நின்றது. வழிகாட்டிப் பெண் சமாளித்தாள். “இப்ப நாம பாக்குறது உள்ளூர் மக்களோட அன்றாட வாழ்க்கை.”

பேருந்து முழுக்கக் கைப்பேசிகள் உயர்ந்தன. அவர் தொப்பியை மூக்கு வரை இழுத்துவிட்டு, அடியில் ஒரு கண்ணைத் திறந்தார்.

கேட்டருகே அவர் மனைவி நின்றிருந்தாள். ஒரு தோளில் இரண்டு பள்ளிப் பைகள். அக்குளில் ஒரு பார்சல். கால் பக்கத்தில் கேஸ் சிலிண்டர். பார்சல்காரன் நீட்டிய கைப்பேசியில் மிச்சமிருந்த ஒரே ஒரு விரலால் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

தான் இல்லாவிட்டால் இந்த வேலைகளெல்லாம் எங்காவது ஓரமாக நின்று மூன்று நாள் காத்திருக்கும் என்று நினைத்திருந்தார் போல. அவற்றை யாராவது செய்யவேண்டி வரும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

“பாவம் சார் அந்தம்மா” என்றார் வாத்தியார். “வீட்ல ஆம்பளைங்க யாரும் இல்ல போலிருக்கு.”

“வெளியூர் போயிருப்பாங்க” என்றார் அவர்.

அவள் நிமிர்ந்தாள். தன்னை ஒரு பேருந்தே படம் எடுப்பதைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். ஒவ்வொரு ஜன்னலாக முறைத்துக்கொண்டே வந்தவள், ஒரு ஜன்னலில் நின்றாள். பிறகு பார்சலைச் சிலிண்டர் மேல் வைத்துவிட்டு, இடுப்பிலிருந்து கைப்பேசியை எடுத்தாள்.

அவர் சட்டைப்பையில் மணி அடித்தது.

“என்ன, ஊரெல்லாம் சுத்திப் பாத்தாச்சா?”

“ம். பாத்துக்கிட்டிருக்கேன்.”

“அங்க வெயிலா?”

“வெயில்தான்.”

“இங்கயும்தான்.”

இறங்கிவிடலாமா என்று அவர் கதவைப் பார்த்தார். பார்த்ததோடு சரி.

“தொப்பி நல்லாருக்கு” என்றாள்.

அவர் பதில் சொல்வதற்குள் வீட்டுக்குள்ளிருந்து மகளின் குரல், தெருவிலும் கைப்பேசியிலுமாக இரண்டு தடவை கேட்டது. “அம்மா, போன்ல யாரு? அப்பாவா? எப்ப வராராம்? மோட்டார் வேற ஓட மாட்டேங்குது.”

அவள் பேருந்தின் மேலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“அப்பாதான்” என்று உள்ளே கேட்கும்படி குரல் கொடுத்தாள். “ரொம்பத் தூரத்துல இருக்கார். நாளைக்கு ராத்திரிதான் வர முடியுமாம்.”

வேன் வழிவிட்டது. பேருந்து நகர்ந்தது. கைப்பேசியில் அவள் மூச்சு வாங்குவது மட்டும் கேட்டது. சிலிண்டரை உருட்டத் தொடங்கியிருந்தாள்.

“கேக்குதா?” என்றாள், குரலைத் தாழ்த்தி. “வரும்போது எனக்கும் ஒரு தொப்பி வாங்கிட்டு வாங்க. அடுத்த மாசம் நான் வெளியூர் போறேன்.”