எதைக் கேட்டாலும் எட்டு

பிள்ளைகளிடம் மாதாமாதம் கேட்டு நிரப்பும் மகிழ்ச்சிப் படிவத்தோடு அரசு அதிகாரி வரும் நாள் அது. வளர்மதி காலையிலிருந்தே மகளுக்குச் சொல்லிக்கொடுத்தாள்.

“மேடம் எதைக் கேட்டாலும் எட்டுன்னு சொல்லணும் கண்ணு. பத்துன்னா நம்ப மாட்டாங்க.”

போன மாதம் எதிர்வீட்டுப் பையன் நான்கு என்று சொன்னான். மறுநாளே அவனை அரசு விடுதிக்குக் கூட்டிப்போய்விட்டார்கள். அவனுடைய சைக்கிள் இன்னும் மாடிப்படிக்குக் கீழே நிற்கிறது.

அதிகாரி வந்து உட்கார்ந்தார்.

“பத்துக்கு எவ்வளவு கொடுப்ப? ஸ்கூல் பிடிச்சிருக்கா?”

“எட்டு,” என்றாள் ஆதிரை.

“வீட்டுல இருக்கறது?”

“எட்டு.”

வளர்மதிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அதிகாரி தாளைத் திருப்பினார். அந்தப் பக்கத்தை இந்த மாதம்தான் புதிதாகச் சேர்த்திருந்தார்கள்.

“அம்மா உன்னை வாரத்துக்கு எத்தனை தடவை அடிப்பாங்க?”

“எட்டு.”

சரியாகச் சொல்லிவிட்ட பெருமையில் ஆதிரை அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள்.

வளர்மதி அவளை ஒருநாளும் அடித்ததில்லை. ஆனால் பதிலைச் சொல்லிக்கொடுத்தேன் என்று ஒப்புக்கொண்டால் அதற்கும் பிள்ளையைக் கொண்டுபோய்விடுவார்கள்.

அதிகாரி எழுதி முடித்துப் பேனாவை மூடினார்.

“பாப்பாவோட துணியெல்லாம் ஒரு பையில எடுத்து வைங்கம்மா.”