கொட்டை எழுத்து

"இன்னும் பெரிசா எழுதுய்யா!"

பெயின்டர் ஒச்சாண்டி பிரஷ்ஷைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தான்.

"இதுக்கு மேல எழுத மிஷின்ல இடம் இல்ல முதலாளி."

"அப்ப பலகையிலயும் எழுது. பெட்டி மூடியிலயும் எழுது. மஞ்சப் பெயின்ட், கொட்டை எழுத்து. ஆயுசுக்கும் அழியக் கூடாது."

டைப்பிஸ்ட் சொர்ணலதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தேனி பஜாரில் சங்கரலிங்கம் பைனான்ஸுக்கு அது பத்தாவது வருஷம். ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று முதலாளிக்குத் தோன்றியது. கஷ்டப்படும் பத்துப் பெண்களுக்கு ஆளுக்கொரு தையல் மிஷின் என்று முடிவானது. பஸ் ஏறி ஏறி அலைந்து அந்தப் பத்துப் பேரைத் தேடிப் பிடித்தவள் சொர்ணலதாதான்.

நல்ல காரியம்தான். அதில் இந்த மனிதர் இப்படியா பேருக்கு அலைய வேண்டும்? மிஷின் செய்த கம்பெனிக்காரனே தன் பேரைச் சின்னதாகத்தான் போட்டிருந்தான்!

இது மட்டுமா? ஆட்களைப் பார்க்க வரச் சொன்ன அன்றைக்கு அவர் கேட்ட கேள்வி இருக்கிறதே! மார்க்கையன்கோட்டை பாண்டியம்மாள் இடுப்பில் பிள்ளையோடு வந்து நின்றாள். தைக்கத் தெரியுமா என்று முதலாளி கேட்கவில்லை.

"கல்யாணம் ஆகி எத்தன வருஷம்மா?"

"ஆறு வருஷங்கய்யா."

"சீர்ப் பாத்திரமெல்லாம் இருக்கா? பித்தளைக் குடம் எத்தன வச்சிருக்க?"

பாண்டியம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"இப்ப ஒண்ணுமில்லங்கய்யா. மிஷின் ஒண்ணு கெடைச்சா எப்படியும் பொழச்சுக்குவேன்."

கொடுக்கிற கை ஏன் வீட்டுப் பாத்திரத்தை எண்ணுகிறது என்று சொர்ணலதாவுக்கு அன்றே மனம் கசந்து போனது.

விழாவன்று மேடையில் பத்து மிஷின்களும் வரிசையாக நின்றன. 'அன்பளிப்பு: சங்கரலிங்கம் பைனான்ஸ், தேனி' என்ற மஞ்சள் எழுத்து கடைசி நாற்காலிக்காரர் கண்ணிலும் அடித்தது.

"மிஷினைக் குடுத்தாகளா, போர்டைக் குடுத்தாகளா?" என்று ஒருவர் கேட்க, பந்தலே சிரித்தது. சொர்ணலதாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. முதலாளியோ மாலையும் கழுத்துமாக, கூடச் சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

ஒரு மாதம் போயிருக்கும். ஒரு மத்தியானம் ஆபீஸ் வாசலில் பஸ் ஸ்டாண்டுக் கைவண்டி ஒன்று வந்து நின்றது. அதன் மேல் ஒரு தையல் மிஷின், சாக்குப் போட்டு மூடி. வண்டிக்குப் பின்னால் வந்தவன் தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டான்.

"நான் கோட்டைச்சாமிங்கம்மா. மார்க்கையன்கோட்டை பாண்டியம்மா வீட்டுக்காரன்."

"வாங்க. என்ன, மிஷின் ரிப்பேரா?"

"மிஷின் தங்கமா ஓடுது. அந்தப் பேருதான்... துணி தைக்க வர்றவுகள்லாம் ஓசி மிஷினான்னு சிரிக்கிறாகளாம். ராவும் பகலும் அழுகுறா. பேரை மட்டும் சொரண்டிக் குடுத்தீகன்னா புண்ணியமாப் போகும்."

சொர்ணலதா எழுந்தாள். விறுவிறுவென்று அவனை முதலாளி அறைக்கே கூட்டிப் போனாள்.

"நான் அன்னைக்கே நெனச்சேன் முதலாளி. பேரைப் பாத்துப் பாத்து அந்தப் பொண்ணு அழுகுதாம். ஒச்சாண்டியக் கூப்பிட்டு அழிச்சுக் குடுத்திருவோம்."

சங்கரலிங்கம் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கோட்டைச்சாமியை ஒரு பார்வை பார்த்தார்.

"எத்தன கடை ஏறி எறங்குன?"

"சின்னமனூர்ல ரெண்டு, இங்கன மூணு..." என்று சொல்லிக்கொண்டே வந்தவன் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"அடகுக் கடைக்காரக என்ன சொன்னாக?"

கோட்டைச்சாமி தரையைப் பார்த்தான்.

"சங்கரலிங்கம் அண்ணாச்சி தானம் குடுத்த பொருளை வாங்கி வச்சா, பஜார்ல அவரு மொகத்துல முழிக்க முடியுமான்னு வெரட்டி விட்டாக."

சொர்ணலதா திரும்பி அவனை முறைத்தாள்.

"வீட்டுல என்ன சொல்லித் தூக்கிட்டு வந்த? ரிப்பேருன்னா?"

அவன் தலையாட்டினான்.

"நல்லது. ரிப்பேர் முடிஞ்சதுன்னு கொண்டுபோய்க் குடு. பஸ்ஸப் புடிச்சுச் சாயங்காலத்துக்குள்ள போய்ச் சேரு, அந்தப் புள்ளைக்குத் தைக்கிற துணி கெடக்கும். நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன், போ."

கைவண்டி தெருமுனை திரும்பியதும் சொர்ணலதா கேட்டாள்.

"இவன் இப்படிப்பட்டவன்னு உங்களுக்கு எப்படித் தெரியும் முதலாளி?"

"அடகுக் கடையில எட்டு வருஷம் ரசீது எழுதுனவன்மா நான். கல்யாணமாகி ஆறே வருஷத்துல ஒரு வீட்டுல பித்தளைக் குடம்கூட இல்லைன்னா, அது எங்கன போயிருக்கும்னு எனக்குத் தெரியாதா?"

"இதை அன்னைக்கே மைக்குல சொல்லியிருக்கலாமே? ஊரே உங்களைப் பாத்துச் சிரிச்சுதே!"

சங்கரலிங்கம் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"சொல்லியிருந்தா யாரைப் பாத்துச் சிரிச்சிருக்கும்? மேடையில நின்ன பொண்ணுகளைத்தானே? அதுக்குப் பதிலா என்னைய வெளம்பரப் பைத்தியம்னு சொல்லிட்டுப் போகட்டும்மா."