மகனைத் தேடி மூன்று நாள்

"உங்க புள்ள இன்னா மாதிரி இருப்பான்?" என்று கேட்டான் வாசலில் டிக்கெட் கிழிப்பவன்.

"முடி தோள் வரைக்கும் தொங்கும். பேண்ட்டு கீழ பாவாடையாட்டம் விரியும். மூஞ்சி இப்பத்தான் தூங்கி எழுந்தாப்போல இருக்கும்," என்றார் செங்கல்வராயன்.

டிக்கெட்காரன் உள்ளே எட்டிப் பார்த்தான். "அந்த மாதிரி தோப்பு நெறைய கீறாங்க பெரியவரே. நீங்களே உள்ள பூந்து உங்க புள்ளய பொறுக்கிக்குங்க. ஆனா டிக்கெட் வாங்கணும். மூணு நாளைக்கும் சேர்த்து ஒரே டிக்கெட்டுதான்."

பல்லைக் கடித்துக்கொண்டு வாங்கினார். ஊரில் அவர் பெரிய மனிதர். முப்பது காணி நெல் வயல், முன்னாள் பஞ்சாயத்துத் தலைவர் என்ற பட்டம், எதிரில் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பண்பாட்டைப் பற்றிப் பேசுகிற வழக்கம், எல்லாம் உண்டு.

கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்துச் சவுக்குத் தோப்பில் மதராஸ் காலேஜ் பையன்கள் ராக் சங்கீத விழா நடத்தப்போகிறார்கள் என்று போஸ்டர் ஒட்டிய அன்றே அவருக்கு ரத்தம் கொதித்துவிட்டது. "மெயின் ரோட்டுல எறங்கி நம்ம ஊருக்கு வர்ற எவனும் அந்தத் தோப்பைத் தாண்டித்தானே வரணும்? பார்க்கறவன் நம்மளப் பத்தி இன்னா நெனைப்பான்?" என்று டீக்கடையில் முழங்கினார்.

வெள்ளிக்கிழமை விடிந்தபோது மகன் தணிகாசலத்தையும் அவன் பையையும் காணோம். ஞாயிறு சாயங்காலம் பொன்னேரியிலிருந்து பெண் வீட்டார் வீடு பார்க்க வருகிறார்கள். அரிசி மில் முதலாளி, ஒரே பெண். கைநழுவிப் போனால் அப்படி ஒரு சம்பந்தம் இன்னொரு தரம் கதவைத் தட்டாது. இந்த நேரத்தில் மாப்பிள்ளை பரட்டைத் தலையோடு கிடார் சத்தத்துக்கு ஆடிக்கொண்டிருந்தால்?

"அவன் எங்க பூட்டான்னா..." என்று ஆரம்பித்தாள் மனைவி கங்கம்மா. மனைவியை ஒரு வாக்கியம் முடிக்க விட்டுச் செங்கல்வராயனுக்குப் பழக்கமில்லை.

"எனக்குத் தெரியும்டி எங்க பூட்டான்னு. அவனை இழுத்துக்கினு வராம இந்த வாசலை மிதிக்க மாட்டேன்!" என்று சபதம் போட்டு, துண்டை உதறித் தோளில் வீசிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

தோப்புக்குள் அப்பா காரில் வந்து இறங்கிய பையன்கள் செருப்பை டிக்கியில் வைத்துவிட்டு ஏழைகளாக மாறியிருந்தார்கள். உலகத்து மனிதரெல்லாம் சமம் என்று இங்கிலீஷில் பேசினார்கள். டீ கொண்டு வந்தவரை "ஏய்" என்று தமிழில் கூப்பிட்டார்கள்.

மேடையில் ஒருவன் கிடாரைச் சுண்டினான். வால் மிதிபட்ட பூனையாக அது அலறியது. செங்கல்வராயன் துண்டின் நுனியைக் காதில் செருகிக்கொண்டார்.

"இது சங்கீதமாடா? தகர டப்பாவைத் தெருவுல உருட்டறாப்போல கீது!" என்று பக்கத்தில் நின்ற வரதன் என்ற சடைத்தலையனிடம் எரிந்து விழுந்தார்.

"வாத்தியாரே, இத காதால கேக்காத. காலால கேளு," என்றான் அவன்.

அறையலாமா என்று யோசித்தார். ஆனால் அன்றைக்கே அவருடைய வலது கால் தாளம் போட ஆரம்பித்தது. மணல் சுடுகிறது என்று வரதனுக்கு விளக்கம் சொன்னார். வெயில் எப்போதோ இறங்கியிருந்தது.

சனிக்கிழமை காதில் துண்டு இல்லை. மகன் கூப்பிட்டால் கேட்க வேண்டுமே! மேடைக்கு எதிரிலேயே இடம் பிடித்துக்கொண்டார். முன்னால் நின்றால்தான் திரும்பி எல்லார் முகத்தையும் பார்க்கலாம் என்பது அவருடைய கணக்கு. திரும்பித்தான் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஒரு காலி மண்ணெண்ணெய் பீப்பாய் மேல் ஏறிவிட்டார். உயரத்திலிருந்து தேடுவது சுலபம். மகன் கண்ணில் தான் பட வேண்டும் என்று துண்டைத் தலைக்கு மேல் சுழற்றினார். டிரம்ஸ் வேகம் எடுத்தபோது துண்டும் எடுத்தது, பிறகு இடுப்பும் எடுத்தது. கூட்டம் விசிலடித்தது. பஞ்சாயத்துத் தேர்தலில் ஜெயித்தபோதுகூட அவருக்கு அப்படியொரு வரவேற்பு கிடைத்ததில்லை.

"வாத்தியாரே, நீ யாரையோ தேடிக்கினு வந்தியே, யாரு அது?" என்று கத்தினான் வரதன்.

செங்கல்வராயனுக்குச் சட்டென்று நினைவுக்கு வரவில்லை.

அந்த நேரம் பார்த்து ஒரு மொட்டைத் தலையன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தான்.

"டேய் மொட்டை, வுடுடா வேட்டிய! இப்பத்தான் நல்ல எடம் வருது!"

"நைனா, நான்தான்."

சந்தனம் பூசிய மண்டைக்குக் கீழே தணிகாசலத்தின் முகம் இருந்தது. "இந்த சம்பந்தம் நல்லபடியா கூடி வரணும்னு அம்மா வேண்டிக்கினாங்களாம். திருத்தணிக்குப் போயி முடி எறக்கினு, முனுசாமி மாமா ஊட்ல தங்கிட்டு இன்னிக்குத்தான் வந்தேன். நீ எங்கன்னா, இங்கன்றாங்க."

செங்கல்வராயன் பீப்பாயிலிருந்து கம்பீரமாக இறங்கினார். மூன்று நாள் போராடி மகனை மீட்டுவிட்ட தகப்பனின் கம்பீரம் அது. "சரி, நட. பொண்ணு ஊட்டுக்காரங்க வர்ற நேரம். நான் பேசிக்கறேன்."

"வந்துட்டுப் பூட்டாங்க நைனா."

"ஐயையோ! மொட்டைய பார்த்துட்டு மூஞ்ச சுளிச்சாங்களா?"

"இல்லியே. இந்தக் காலத்துல இப்படி ஒரு பக்தியுள்ள புள்ளயான்னு எனக்கு சுத்திப் போடச் சொன்னாங்க."

"பார்த்தியா! எல்லாம் நான் வளர்த்த பண்பாடு!" செங்கல்வராயன் மீசையைத் தடவிக்கொண்டார். "சரி, தட்டு மாத்த நாளு எப்ப குறிச்சாங்க?"

தணிகாசலம் அவரையும் பீப்பாயையும் ஒருமுறை பார்த்தான்.

"அவங்க இந்தத் தோப்பு வழியாத்தான் வந்தாங்க நைனா. புள்ளைய ரொம்பப் புடிச்சிருக்குதாம், மாமனாருதான் வேணாமாம்."