தாத்தா வாங்கிய கார்

செம்மலர் வாங்கிவந்த பழைய காருக்கு வயது ஆறுதான். ஆனால் அறுபது வருடத்துக்கு முந்தைய கார் போலவே அதைச் செய்திருந்தார்கள்: வட்ட விளக்குகள், பளபளக்கும் பம்பர், பெட்டி மாதிரி நீண்ட பின்பக்கம். அவள் சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டிருந்தபோது வீட்டு உரிமையாளர் வரதன் மாடியிலிருந்து இறங்கி வந்தார். வழக்கமாக, கொடியில் துணி அதிகம் என்று திட்டத்தான் இறங்குவார். இன்று பானெட்டைத் தடவினார். “இந்த மாதிரி வண்டியெல்லாம் இப்ப எங்க கெடைக்குது? யாரோடதுய்யா மாசிலாமணி?” செம்மலர் வாய் திறப்பதற்குள் பக்கத்தில் நின்ற அவளுடைய அப்பா மாசிலாமணி நிமிர்ந்தார். “எங்கப்பா வாங்கினது சார். இத்தன நாளா ஊர்ல நின்னுச்சு.” “அட, சொல்லவே இல்லியே சார் நீங்க!” சந்தையில் கைவண்டி இழுத்தே செத்துப்போனவர் தாத்தா. செம்மலர் ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். அப்பா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு பின்சீட்டில் ஏறினார். “முன்னாடி வாங்கப்பா.” “அங்க எங்கப்பா உக்காரட்டும்மா.” அவள் திரும்பிப் பார்த்தாள். அப்பா சிரிக்கவில்லை. செம்மலர் கைநீட்டி, பக்கத்துக் காலி இருக்கைக்குப் பெல்ட்டை இழுத்து மாட்டிவிட்டு வண்டியைக் கிளப்பினாள்.