தலைமேல் சத்தியம்

"பிள்ளை தலைமேல கையை வை" என்றாள் மாமியார்.

பூசை முடிந்தும் கோயிலை விட்டு யாரும் நகரவில்லை. பீடத்தருகே நின்ற ஃபாதர், நாடாளுமன்றத் தேர்தலில் நம் ஓட்டு நம் சபை வேட்பாளருக்கே என்று எல்லாரும் வலது கையை உயர்த்திச் சத்தியம் செய்யச் சொன்னார். நாம் சிதறினால் நாளைக்கு நம் பள்ளிக்கூடமும் இருக்காது, கோயிலும் இருக்காது என்றார்.

"கையைத் தூக்கினா போதாதா அத்தை?"

"மத்தவங்க தூக்கட்டும். உன்னைப் பத்தி எனக்குத் தெரியும். தலைமேல வை. பின் பெஞ்சுல எல்லாரும் நம்மளையே பார்க்கிறாங்க."

மருமகள், மடியில் தூங்கிக்கொண்டிருந்த மகளின் உச்சந்தலையில், இன்னும் மெத்தென்று இருக்கும் அந்த இடத்தில், கையை வைத்தாள். விரல் நுனி மட்டும்தான் பட்டது.

முழுக் கையை எப்படி வைப்பாள்? எதிர்த்து நிற்பது, ஊரில் சொந்தமாக ஆஸ்பத்திரி வைத்திருக்கும் டாக்டரம்மா. வேற மதம், வேற கட்சி. ஆனால் பிரசவத்தில் இதே தலை வெளியே வர வழியில்லாமல் மாட்டிக்கொண்டபோது, அசையாமல் பக்கத்திலேயே நின்று பத்திரமாக எடுத்துக் கையில் கொடுத்தது அந்த டாக்டரம்மாதான்.

ஓட்டுப் போடும் நாளில் மாமியாரும் மருமகளும் சேர்ந்தே போனார்கள். வரிசையில் முன்னால் நின்ற மாமியார் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

"சத்தியம் ஞாபகம் இருக்கில்ல?"

"இருக்கு அத்தை."

ஞாபகம் இருக்கத்தான் செய்தது. மறைப்புக்குப் பின்னால் போன பிறகும் இருந்தது. ஆனால் கை மட்டும் டாக்டரம்மாவின் சின்னத்துக்கு நேராகப் போய்விட்டது.

வெளியே வந்ததும் மாமியார் கேட்டாள்.

"போட்டியா?"

"போட்டேன். நீங்க?"

"நானா? இது என்ன கேள்வி!"

அன்று சாயங்காலமே பிள்ளைக்கு உடம்பு கொதித்தது.

"பல் முளைக்குது. அதுக்கு வர்ற காய்ச்சல்தான்" என்றான் கணவன்.

"உங்களுக்கு எல்லாமே பல்தான்."

"பின்னே? தேர்தல் காய்ச்சலா வந்திருக்கும்?"

அவன் சிரித்தான். அவள் பிள்ளையின் உச்சந்தலையைத் தொட்டுப் பார்த்தாள்.

எதற்கெடுத்தாலும் பேசும் மாமியார் அன்றைக்கென்று வாயே திறக்கவில்லை. ஈரத்துணியை மாற்றி மாற்றிப் பிள்ளையின் நெற்றியில் போட்டுக்கொண்டிருந்தாள். பார்வை மட்டும் அடிக்கடி மருமகள் பக்கம் வந்து போனது.

தெரிந்துவிட்டதோ?

மறுநாள் காலை, "மருந்துக்கடைக்குப் போயிட்டு வந்துடறேன் அத்தை" என்று செருப்பை மாட்டினாள்.

"பிள்ளையைக் குடுத்துட்டுப் போயேன்."

"இல்ல அத்தை, அழுவா."

மருந்துக்கடையைத் தாண்டி நேராகக் கோயிலுக்கு ஓடினாள். செய்த பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனக் கூண்டுக்குள் ஃபாதர் உட்கார்ந்திருந்தார். கூண்டின் வலைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் பிள்ளையோடு முழந்தாளிட்டாள்.

"சத்தியத்தை மீறிட்டேன் ஃபாதர். பிள்ளை தலைமேல பண்ணின சத்தியம்."

"என்ன சத்தியம்மா?"

"நீங்க வாங்கினதுதான்."

அந்தப் பக்கம் நாற்காலி கிறீச்சிட்டது.

"தலைமேலயா? நான் கையைத் தூக்கத்தானே சொன்னேன்?"

"அத்தைதான் வைக்கச் சொன்னாங்க. கடவுள் தண்டிச்சிட்டார் ஃபாதர். பிள்ளை நெருப்பா கொதிக்கிறா. எதுவா இருந்தாலும் எனக்குக் குடுக்கச் சொல்லுங்க. என் கை கால் விளங்காமப் போகட்டும். இவளுக்கு ஓட்டுன்னா என்னன்னுகூடத் தெரியாதே!"

பிள்ளை சிணுங்கியது.

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனியா?"

"எப்படிப் போவேன்? அங்க இருக்கிறது டாக்டரம்மாதான். தேர்தல் முடிஞ்ச கையோட வேலைக்கு வந்துட்டாங்களாம். நான் போய் நின்னா, யாருக்குப் போட்டேன்னு ஊருக்கே தெரிஞ்சு போகும்."

அந்தப் பக்கம் நாற்காலி வலையை ஒட்டி நகர்ந்தது.

"கடவுளுக்கு ஓட்டு எண்ணுற வேலை இல்லம்மா" என்றார் ஃபாதர். பீடத்தில் கேட்ட குரல் இல்லை இது. "சத்தியம் கேட்டவன் நான். அதுக்குத் தண்டனைன்னு ஒண்ணு இருந்தா என் தலையில விழட்டும். பிள்ளை தலையில விழாது. அழாதே."

"அப்ப எனக்குப் பிராயச்சித்தம்?"

"நேரா டாக்டரம்மாகிட்ட போ. பின்பக்கமா இல்ல, எல்லாரும் பார்க்க முன்வாசல் வழியாப் போ. பிள்ளையைக் காட்டு."

"அவ்வளவுதானா ஃபாதர்?"

"அதுவே உனக்குக் கஷ்டம்னு எனக்குத் தெரியும். போயிட்டு வா. இந்தப் பாவத்தோட வர்றவங்கள்ல நீ முதல் ஆளும் இல்ல. காலையிலேர்ந்து இங்கேயே உட்கார்ந்து எனக்குக் கால் மரத்துப் போச்சு."

முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

கூண்டுக்கு அடுத்த பெஞ்சில், முக்காட்டை மூக்கு வரை இழுத்துவிட்டுக்கொண்டு மாமியார் உட்கார்ந்திருந்தாள்.

"மருந்துக்கடையை இங்க மாத்திட்டாங்களா?" என்றாள் மாமியார்.

"பிள்ளைக்காக வேண்டிக்கலாம்னு வந்தேன் அத்தை. நீங்க எங்கே இங்க?"

மாமியார் எழுந்து வந்தாள். பிள்ளையை வாங்கித் தோளில் சாய்த்து, முதுகைத் தடவிக் கொடுத்தாள். கூண்டை ஒருமுறை பார்த்தாள். பிறகு மருமகளின் காதருகே குனிந்தாள்.

"டாக்டரம்மாவுக்குப் போட்டதுக்கு... ரொம்பத் திட்டுறாரா?"