நாக்குச் சோதனை

"நாக்க நீட்டுங்க பாப்பம்."

பிபிலை தாண்டி மலை ஏறத் தொடங்கும் இடத்தில் ஜீப்பை நிறுத்திய மீராசா ஹாஜியார், மூன்று சைக்கிள்காரர்களையும் வரிசையாக நிற்கவைத்தார். மஜீட்டின் நாக்கு சுண்ணாம்பு பூசியது போல வெளுத்துக் காய்ந்திருந்தது. இப்றாஹிமின் நாக்கும் அப்படித்தான். பக்கத்தில் நின்ற தங்கராசாவும் நாக்கை நீட்டினான்.

"உனக்கென்னத்துக்கு நாக்கு? நீ நோன்பில்லையே," என்றார் ஹாஜியார்.

"இவனுகள் பாத்துக்கொண்டு நிக்கக்குள்ள நான் எப்பிடி ஹாஜியார் தண்ணி குடிக்கிற? விடியத்தில இருந்து நானும் பட்டினிதான்."

ஹாஜியாருக்கு அது பிடித்துப்போயிற்று. இரவு பரிசளிப்பில் பேசப்போகும் பேச்சில் அதையும் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார்.

கல்முனையிலிருந்து லுணுகலை வரையான அந்தச் சைக்கிள் ஓட்டத்தை, அவர் தலைவராக இருந்த விளையாட்டுக் கழகம் வேண்டுமென்றே நோன்பு மாதத்தில் வைத்திருந்தது. பயணம் போகிறவர்கள் நோன்பை விட்டுவிட்டுப் பிறகு பிடித்துக்கொள்ளலாம் என்று பள்ளிவாசல் மௌலவி சொல்லிப் பார்த்தார். அந்தச் சலுகை மற்ற ஆட்களுக்கு, எங்கள் கழகத்துக்கு இல்லை என்று ஹாஜியார் ஒலிபெருக்கியில் அறிவித்தார். வழியில் நோன்பை விட்டவன் ஓட்டத்திலிருந்தும் விலக்கப்படுவான். 'நோன்புடன் மலையேறி முடித்த வீரர்கள்' என்று பத்திரிகைக்குக் கொடுக்கவேண்டிய படம், ஓட்டம் தொடங்குமுன் கல்முனைக் கடற்கரையிலேயே எடுக்கப்பட்டுவிட்டது.

மஜீட்டுக்குப் பத்திரிகையும் வேண்டாம், வெற்றிக் கிண்ணமும் வேண்டாம். ஹாஜியாரின் மகள் சுபைறாவுக்கு மாப்பிள்ளை தேடினார்கள். அவனுடைய பெயரும் அடிபட்டது. ஆனால் ஹாஜியார் பிடி கொடுக்கவில்லை. புறப்படும்போது, எல்லாரும் கேட்கத்தான் சொன்னார்:

"நோன்போட மலையேறி முடிக்கிறவனத்தான் நான் மருமகன் எண்டு கூப்பிடுவன். மத்த எல்லாரும் எனக்குத் தம்பிமார்தான்."

இப்போது ஜீப்பில் ஏறி உட்கார்ந்துகொண்டு, "மேல நோன்புக் கஞ்சியோட நிப்பன் தம்பிமார்," என்றார். ஜீப் புகையைக் கக்கியபடி போனது. மலையில் எங்கோ ஒரு வளைவுவரை அதன் இரைச்சல் கேட்டது. பிறகு சட்டென்று நின்றுபோயிற்று.

"புது ஜீப்புடா மச்சான்," என்றான் இப்றாஹிம், மரியாதையோடு. "அதுக்குள்ள மலைக்கு அங்கால போயிட்டாரு."

மூவரும் மிதித்தார்கள். காலையிலிருந்து மேற்கேயிருந்து வரும் கச்சான் காற்று எதிரே நின்று நெஞ்சில் அடித்துக்கொண்டிருந்தது. மட்காட்டையும் கரியரையும் கழற்றி எறிந்த பிறகும் சைக்கிள் இரும்பாகவே கனத்தது. இரண்டாவது வளைவில் இப்றாஹிம் செயின் கழன்றுவிட்டதாகச் சொல்லி உட்கார்ந்தான். செயின் இருந்த இடத்திலேயே இருந்தது.

தங்கராசா அவனுக்குத் துணையாக நின்றான். "நீ போ மஜீட். உன்ர கலியாணச் சோத்த நினைச்சுத்தான் நான் இந்தப் பட்டினி கிடக்கிற."

மஜீட் தனியே ஏறினான். கொஞ்ச நேரத்தில் மிதிக்க ஏலாமல் இறங்கி உருட்டத் தொடங்கினான். பிறகு உருட்டவும் ஏலாமல் போயிற்று. காதுக்குள் வண்டு இரைந்தது. அடுத்த வளைவில் ஒரு தேத்தண்ணிக் கடை தெரிந்தது. அதன் வாசலில் சாக்குத் திரை தொங்கியது.

நோன்பு மாதத்தில் கடை வாசலில் சாக்குத் தொங்கினால், உள்ளே யாரோ சாப்பிடுகிறார்கள் என்று அர்த்தம். ஊரில் அப்படிப்பட்ட வாசல்களைக் கடக்கும்போது மஜீட் முகத்தைத் திருப்பிக்கொள்வான். இப்போது முகம் திரும்ப மறுத்தது. உள்ளே யாரோ தேத்தண்ணியை உயர்த்தி இழுத்து ஆற்றும் சத்தம் கேட்டது. இறைச்சிக் கறி மணத்தது.

மௌலவி சொன்னது ஞாபகம் வந்தது. சுபைறாவும் ஞாபகத்துக்கு வந்தாள். இருவரும் அவனுக்குள் சிறிது நேரம் மோதினார்கள். கடைசியில் மௌலவி வென்றார்.

மேலே பார்த்தான், கீழே பார்த்தான். றோட்டில் ஒரு குருவிகூட இல்லை. சைக்கிளை எதிர்ப்பக்கச் செடிப் பற்றைக்குள் படுக்கவைத்தான். நெஞ்சில் குத்தியிருந்த கழகத்தின் பட்டியைக் கழற்றிக் காற்சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டான். சாக்கை விலக்கிக்கொண்டு உள்ளே போனான்.

உள்ளே இருந்தவர் ஒரே ஒருவர். சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்டு ரொட்டியைப் பிய்த்து இறைச்சிக் கறியில் தோய்த்துக்கொண்டிருந்த மீராசா ஹாஜியார், துண்டை வாய்க்குக் கொண்டுபோனபடியே அசையாமல் இருந்தார். பின்கதவுக்கு வெளியே, பலாமரத்தின் கீழ், ஜீப் நின்றது.

மஜீட் சாக்கைப் பிடித்த கையை விடவில்லை. கடைக்காரர் மெதுவாக அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஹாஜியார் அந்தத் துண்டை வாயில் போட்டு, நிதானமாக மென்று விழுங்கினார். வாங்குப் பலகையில் கொஞ்சம் நகர்ந்து, பக்கத்து இடத்தைக் கையால் தட்டித் துடைத்தார்.

"சாக்க நல்லா இழுத்து உட்டுட்டு வாங்க மருமகன், றோட்டால போற ஆக்கள் பாக்கப்போறாங்க."