மதியம் வரும் அழைப்பு

"யாரும்மா இவன்? தினமும் மதியம் அரைமணி நேரம் அப்படி என்ன கொஞ்சல் வேண்டிக்கிடக்கு?"

மேனேஜர் நீட்டிய காகிதத்தைப் பார்த்து அவள் திருதிருவென்று விழித்தாள். வாஷிங் மெஷின் கம்பெனியின் இலவச அழைப்பு எண்ணில் வரும் புகார்களைக் கேட்டு எழுதுவது அவள் வேலை. யார் யார் கூப்பிட்டார்கள் என்று டெலிபோன் கம்பெனி அனுப்பிய பட்டியலில், ஒரே நம்பர் வரிசையாக வந்திருந்தது.

"சத்தியமா தெரியாது சார். அந்த நேரத்துல நான் சாப்பிட்டுட்டு இருப்பேன். திரும்பி வந்ததும் ஒரு கால் வரும். 'வணக்கம்'னு சொல்லுவேன், டக்குன்னு வெச்சிடுவாங்க."

"ஒரு வணக்கத்துக்கு அரைமணி நேரமா? யார் காதுல பூ சுத்தறே? நம்பரை மறைச்சுட்டுப் பண்ணினா மாட்ட மாட்டோம்னு நெனச்சிருக்கான் உன் ஆளு. இந்த லைனுக்குக் காசு கட்டறது நாம. எவன் மறைச்சாலும் நமக்கு நம்பர் வந்துடும்!"

பட்டியலும் பொய் சொல்லாது, அவளும் பொய் சொல்லவில்லை. வீட்டுக்காரர் வேலை போய் உட்கார்ந்திருக்கிறார். இதுவும் போனால் பிள்ளைகளுக்கு எதைப் போடுவது? பதற்றத்தில் ராத்திரி தூங்காததாலோ என்னவோ, மேனேஜர் பேசப் பேச அத்தனை பயத்திலும் அவளுக்குக் கொட்டாவி வந்தது.

"கொட்டாவி வேறயா? இரு, இப்பவே கூப்பிடறேன். குட்டு உடைஞ்சதும் கணக்கை முடிச்சுக்கிட்டுக் கிளம்பு."

ஸ்பீக்கரைப் போட்டு நம்பரை அழுத்தினார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார். அவருக்குத் தன் குரல்மேல் ஏகப்பட்ட பெருமை. லைனில் காத்திருப்பவர்களுக்குத் திரும்பத் திரும்ப ஒலிக்கும் அறிவிப்பைக்கூட வேறு யாரையும் விடாமல் தானே பேசிப் பதிவு செய்திருந்தார்.

"ஹலோ?" என்றது ஓர் ஆண்குரல். மேனேஜர் அவளை, 'பார்த்தாயா?' என்பதுபோல் முறைத்தார்.

"வணக்கம். வாஷிங் மெஷின் கம்பெனியிலிருந்து மேனேஜர் பேசுகிறேன். தாங்கள் யார்?"

அந்தப் பக்கம் ஒரு குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது.

"ஐயோ சார், நீங்களா! 'தங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம்'னு வருமே, அது உங்க குரல்தானே?"

மேனேஜரின் முகம் மலர்ந்தது. "ஆமாம். எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"எப்படி சார் மறக்கும்? எங்க குழந்தை பொறந்ததுலேர்ந்து தூங்கவே இல்லை. டாக்டர்கிட்ட காட்டியும் பிரயோஜனமில்லை. மெஷின் ரிப்பேர்னு ஒருநாள் உங்களுக்குப் பண்ணிட்டுக் காத்திருந்தேன், அந்த அறிவிப்பைக் கேட்டதும் மடியிலேயே சொக்கிடுச்சு. அதுலேர்ந்து தினமும் மதியம் அதைத்தான் போடறோம். வெட்கமா இருந்துச்சு, அதான் நம்பரை மறைச்சேன். அந்தம்மா வந்து 'வணக்கம்'னதும் முழிச்சுக்குதுன்னு உடனே வெச்சிடுவேன்."

"என் குரலைக் கேட்டுத் தூக்கமா..." என்று ஆரம்பித்த மேனேஜர் பாதியில் நிறுத்தினார்.

"நிறுத்தாதீங்க சார், இன்னும் ரெண்டு வார்த்தை பேசுங்க. இப்பத்தான் கண்ணு சொருகுது!"